போலீஸ் எப்படிப் பிறந்தது? யாருக்குப் பதில் சொல்லப் பிறந்தது?

1720-ஆம் ஆண்டு. லண்டனில் உங்கள் வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. புகாரை எழுதிக்கொள்ள ஆள் கிடையாது. திருடன் யார் என்று விசாரிப்பது உங்கள் பொறுப்பு, அவனைப் பிடிப்பதும் உங்கள் பொறுப்பு. பிடித்த பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, சாட்சிகளைத் திரட்டி, கைக்காசைப் போட்டு வழக்கு நடத்த வேண்டும். பணமும் நேரமும் இல்லாதவருக்குப் போனது போனதுதான். ஐரோப்பாவின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

சட்டம் பழசு. அரசன், நீதிமன்றம், சிறை, தூக்குமேடை எல்லாமே பழசு. ஆனால் சீருடை போட்டு, அரசிடம் சம்பளம் வாங்கி, இரவு பகலாகத் தெருவில் நடந்து, யார் வந்து புகார் சொன்னாலும் கேட்டாக வேண்டிய ஒரு படைக்கு வயது ஏறக்குறைய 200 ஆண்டுகள்தான். போலீஸ் இல்லாத ஊரை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடிவதில்லை. மனித வரலாற்றில் பெரும்பகுதி அப்படித்தான் கழிந்திருக்கிறது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும். இந்தப் படை யாருக்குப் பதில் சொல்கிறது? அரசருக்கா, காசு கொடுத்தவருக்கா, மக்களுக்கா, சட்டத்துக்கா? சீருடையின் நிறம், கையில் இருப்பது தடியா துப்பாக்கியா, காவலர் எங்கே தங்குகிறார் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாடும் சொன்ன பதிலைப் பொறுத்தே அமைந்தன.

ஊரே காவல் காத்த காலம்

பழைய நகரங்களில் காவலுக்கு ஆட்கள் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் கருங்கடலுக்கு வடக்கேயிருந்து விலைக்கு வாங்கப்பட்ட சித்திய வில்லாளிகள் பொதுக்கூட்டங்களில் ஒழுங்கு பார்த்தார்கள். அவர்கள் அரசின் அடிமைகள். குற்றத்தைத் துப்பறிவது அவர்கள் வேலை அல்ல. பாதிக்கப்பட்டவரே வழக்குப் போட்டு வாதாட வேண்டும். ரோமில் கி.பி. 6-இல் அகஸ்டஸ் பேரரசர் 7 பிரிவுகள் கொண்ட ஓர் இரவுக்காவல் படையை அமைத்தார். அவர்களுக்கு முதல் வேலை தீயணைப்பது. இரவில் சுற்றும்போது கண்ணில் பட்ட திருடர்களையும் தப்பியோடிய அடிமைகளையும் பிடித்தார்கள்.

இடைக்கால இங்கிலாந்தில் வேறொரு ஏற்பாடு இருந்தது. ஊர் ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒருவர் தப்புச் செய்தால் மற்றவர்கள் அவரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று பொறுப்புக் கட்டினார்கள். குற்றத்தைப் பார்த்தவர் கூக்குரல் எழுப்ப வேண்டும், அதைக் கேட்டவர்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் திருடனைத் துரத்த வேண்டும். 1285-இல் வந்த வின்செஸ்டர் சட்டம் இதையெல்லாம் எழுத்தில் கொண்டுவந்தது. 15 முதல் 60 வயதுவரை உள்ள ஒவ்வோர் ஆணும் தன் வசதிக்கேற்ப ஆயுதம் வைத்திருக்க வேண்டும், நகரங்களில் இரவுக்காவல் போட வேண்டும், கொள்ளைக்காரனைப் பிடித்துக் கொடுக்காத வட்டாரம் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும் என்றது அது.

முகம் தெரிந்த சிற்றூரில் இது ஒருவாறு நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாத பெருநகரத்தில் நடக்கவில்லை. கான்ஸ்டபிள் பதவி அப்போதே இருந்தது. ஆனால் அது சம்பளமில்லாத, ஓராண்டுக்கு முறைபோட்டுச் சுமக்க வேண்டிய ஊர்ப்பொறுப்பு. வசதியுள்ளவர்கள் தங்களுக்குப் பதிலாகக் கூலிக்கு ஆள் வைத்தார்கள். அந்தக் கூலி வேலைக்கு வந்தவர்களில் பலர் வேறு வேலை கிடைக்காதவர்கள்.

காசுக்குத் திருடன் பிடித்தவர்கள்

இந்த வெற்றிடத்தில் சந்தை நுழைந்தது. 1690-களில் ஆங்கிலேய அரசு ஒரு பரிசுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நெடுஞ்சாலைக் கொள்ளையனைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுப்பவருக்கு 40 பவுண்டு. அன்றைய கூலித் தொழிலாளி ஓராண்டு முழுக்க உழைத்தாலும் அவ்வளவு பார்க்க மாட்டார். அப்புறம் என்ன, திருடர்களைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் கிளம்பியது.

அவர்களில் பெரிய கை ஜொனாதன் வைல்ட். திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதற்கு லண்டனில் அலுவலகமே வைத்திருந்தார். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அங்கே போய் விவரம் சொல்லுவார்கள். சில நாளில் பொருள் திரும்பி வரும், நன்றிக்கடனாக ஒரு தொகை கைமாறும். மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். உண்மையில் அந்தத் திருட்டுகளில் பெரும்பாலானவை அவருடைய ஆட்களே செய்தவை. சொன்னபடி கேட்காத திருடனை அவரே நீதிமன்றத்தில் ஒப்படைத்து, 40 பவுண்டையும் வாங்கிக்கொள்வார். வேலியே பயிரை மேய்ந்தது. மீட்டுக் கொடுத்ததற்குப் பணம் வாங்கிக்கொண்டு திருடனைப் பிடித்துக் கொடுக்காமல் விடுவதே குற்றம் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ், திருட்டுப்போன லேஸ் துணி விவகாரம் ஒன்றில் மாட்டி, 1725 மே மாதம் வைல்ட் தூக்கிலிடப்பட்டார்.

வைல்டைக் கெட்ட மனிதர் என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. குற்றம் நடந்தால்தான் வருமானம் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டால், குற்றம் குறைய வேண்டும் என்று அதில் யாருக்கும் அக்கறை இருக்காது. நாவலாசிரியராகவும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்த ஹென்றி ஃபீல்டிங் இதைப் புரிந்துகொண்டார். 1749 வாக்கில் லண்டன் போ தெருவிலிருந்த தன் அலுவலகத்தில், நம்பகமான சிலரைத் தேர்ந்தெடுத்து ஒரு சிறு குழுவை அமைத்தார். அவருக்குப் பின் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் ஜான் ஃபீல்டிங். பார்வையில்லாத அவர் அந்தக் குழுவை இன்னும் செம்மைப்படுத்தினார். திருடர்களின் அங்க அடையாளங்களையும் களவுபோன பொருள்களின் விவரத்தையும் அச்சிட்டு மற்ற ஊர்களுக்கு அனுப்பினார். குற்றத் தகவல்களை ஓரிடத்தில் சேர்த்துப் பகிர்வது என்ற இன்றைய வழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி.

பாரிஸைப் பார்த்துப் பயந்த லண்டன்

இதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸில் போலீஸ் இருந்தது. 1667-இல் பதினான்காம் லூயி மன்னர், நகரக் காவலுக்கென ஒரு தனி உயர் அதிகாரியை நியமித்தார். முதலில் அந்தப் பதவிக்கு வந்த நிக்கோலா த லா ரெய்னி 30 ஆண்டுகள் அதில் இருந்தார். தெருவிளக்கு, குப்பை, ரொட்டி விற்பனை, அச்சகம், சத்திரங்களில் தங்கும் அந்நியர் என எல்லாமே அவருடைய பார்வைக்குள் வந்தன. நகரம் வெளிச்சமானது, சுத்தமானது. கூடவே உளவாளிகளின் வலையும் நகரமெங்கும் விரிந்தது. மன்னரின் முத்திரை போட்ட ஒரு கடிதம் போதும், விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் தள்ளிவிடலாம்.

ஆங்கிலேயர்கள் போலீஸ் வேண்டாம் என்று முரண்டு பிடித்ததற்குக் காரணம் இதுதான். திருடனைக்கூடச் சகித்துக்கொள்ளலாம், வீட்டு வாசலில் அரசின் உளவாளி வேண்டாம் என்று நினைத்தார்கள். 1785-இல் லண்டனுக்குப் போலீஸ் அமைக்கக் கொண்டுவந்த மசோதா எதிர்ப்பில் மடிந்தது. 1822-இல் இதை ஆராய அமைத்த நாடாளுமன்றக் குழுகூட, திறமையான போலீஸும் மக்களின் முழுச் சுதந்திரமும் ஒன்றாகப் போவது கடினம் என்றே அறிக்கை தந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல். ஏழே ஆண்டில் லண்டன் போலீஸை உருவாக்கியவரும் இவர்தான்.

இடையில் என்ன மாறியது? நகரம் வீங்கிக்கொண்டே போனது. தேம்ஸ் துறைமுகத்தில் மேற்கிந்தியத் தீவுச் சரக்குகள் கொள்ளை போவதைத் தடுக்க வணிகர்கள் பணம் போட, 1798-இல் பேட்ரிக் கோகுன் என்ற மாஜிஸ்திரேட்டின் யோசனைப்படி ஆற்றுப் போலீஸ் ஒன்று தொடங்கியது. காவலர்களைக் கண்ணில் படும்படி நிறுத்திவைத்தாலே திருட்டுக் குறையும் என்று அது காட்டியது. அதைவிடப் பெரிய காரணம் 1819 ஆகஸ்ட் 16. வாக்குரிமை கேட்டு மான்செஸ்டர் செயின்ட் பீட்டர் திடலில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். கூட்டத்தைக் கலைக்கக் குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். கூட்டத்தைக் கையாள அரசின் கையில் ராணுவம் தவிர வேறு எதுவும் இல்லை என்பதும், ராணுவத்துக்குத் தெரிந்தது வெட்டுவதும் சுடுவதும்தான் என்பதும் அன்று எல்லோருக்கும் விளங்கியது.

1829: நீலச் சட்டைக்காரர்கள்

1829 செப்டம்பர் 29 மாலை, லண்டன் பெருநகரப் போலீஸ் முதல் முறையாகத் தெருவில் இறங்கியது. அந்தக் காவலரின் உடையைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அதன் ஒவ்வொரு துண்டிலும் ஓர் அரசியல் முடிவு இருக்கிறது.

கோட்டு நீல நிறம். ராணுவத்தின் நிறம் சிவப்பு என்பதால், எங்களைப் படைவீரர் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லும் நீலம் அது. தலையில் சாதாரண மனிதர் போடும் உயரத் தொப்பிதான், உள்ளே மட்டும் பலப்படுத்தியிருந்தார்கள். யாரும் பின்னாலிருந்து கழுத்தை நெரிக்காமல் இருக்க ஒரு தோல்பட்டை. வாளும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு குறுந்தடி, அதுவும் கோட்டின் பின்பகுதிப் பையில் வெளியே தெரியாமல். உதவிக்கு ஆள் கூப்பிட மரத்தாலான ஒரு கிலுகிலுப்பை. விசில் வந்தது 1880-களில்தான். கழுத்துப்பட்டியில் எண். அத்துமீறும் காவலர் யார் என்று யார் வேண்டுமானாலும் அடையாளம் காட்டலாம். பணியில் இருக்கிறாரா இல்லையா என்று காட்ட மணிக்கட்டில் ஒரு பட்டை. பணி முடிந்த பிறகும் சீருடையிலேயே இருக்க வேண்டும், சாதாரண உடையில் கூட்டத்தோடு கலந்து வேவு பார்க்கிறார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

தலைமைக்கு இரண்டு பேர்: சார்ல்ஸ் ரோவன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, ரிச்சர்ட் மேய்ன் என்ற வழக்கறிஞர். இவர்கள் கொடுத்த முதல் கட்டளைப் புத்தகம், குற்றம் நடக்காமல் தடுப்பதுதான் தலையாய நோக்கம் என்று தொடங்கியது. எத்தனை பேரைப் பிடித்தாய் என்பது கணக்கல்ல, உன் பகுதியில் எவ்வளவு குறைவாகக் குற்றம் நடந்தது என்பதே கணக்கு. ஜொனாதன் வைல்ட் காலத்துக் கணக்கை இது அப்படியே தலைகீழாக்கியது. சம்பளம் வாரத்துக்கு 21 ஷில்லிங். ஒவ்வொருவருக்கும் ஒரு பீட், அதாவது சுற்றிவர வேண்டிய குறிப்பிட்ட பகுதி. மெதுவாக, சீராக, ஒரே வழியில் நடக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட முனையில் காவலர் இருப்பார் என்று மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடக்கம் அழகாக இல்லை. எண் 1 கொடுக்கப்பட்ட காவலரே முதல் நாளே குடித்துவிட்டு வந்ததற்காக நீக்கப்பட்டார். அதே காரணத்துக்காக அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆட்களைக் கொத்துக் கொத்தாக வெளியேற்ற வேண்டியிருந்தது. மக்களின் வெறுப்பும் குறையவில்லை. 1833-இல் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் நடந்த அரசியல் கூட்டத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தபோது ராபர்ட் கல்லி என்ற காவலர் குத்துப்பட்டு இறந்தார். விசாரித்த ஜூரிகள், இது நியாயமான கொலை என்று தீர்ப்பெழுதினார்கள். பின்னால் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் அன்றைக்கு லண்டன்வாசிகள் பலர் அந்த ஜூரிகளைத்தான் பாராட்டினார்கள். அதே ஆண்டில் பொப்பே என்ற சார்ஜென்ட் ஏழை ஓவியர் வேடத்தில் ஓர் அரசியல் சங்கத்துக்குள் புகுந்து வேவு பார்த்தது அம்பலமானது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது, அவர் வேலை போயிற்று. சாதாரண உடையில் துப்பறியும் பிரிவைத் தொடங்கும் தைரியம் லண்டன் போலீஸுக்கு 1842-இல்தான் வந்தது. அதிலும் மொத்தமே 8 பேர்.

என் பார்வையில் இந்த வரலாறு முழுவதிலும் மிக முக்கியமான கட்டம் இதுதான். மக்கள் சந்தேகப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள், நாடாளுமன்றம் விசாரித்தது. அந்த அழுத்தம்தான் லண்டன் போலீஸைப் பக்குவப்படுத்தியது. மக்களின் சம்மதத்தோடு நடக்கும் காவல் என்று பின்னால் புகழப்பட்டது எந்தத் தலைவரும் தானமாகக் கொடுத்ததல்ல.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பீலின் ஒன்பது கோட்பாடுகள் என்று ஒரு பட்டியல் உலகெங்கும் போலீஸ் பயிற்சிப் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. போலீஸே மக்கள், மக்களே போலீஸ் என்ற புகழ்பெற்ற வரி அதில்தான் வருகிறது. ஆனால் 1829-இல் பீல் அப்படி ஒரு பட்டியல் எழுதியதற்குச் சான்று இல்லை. அந்த வடிவத்தில் அதைத் தொகுத்தது 20-ஆம் நூற்றாண்டு வரலாற்று எழுத்தாளர்கள். கருத்து நல்ல கருத்துதான், பீல் எழுதினார் என்பதுதான் தவறு.

அதே பீல், இன்னொரு போலீஸ்

பீலுக்கு இன்னொரு முகம் உண்டு. லண்டனுக்கு முன்பே அயர்லாந்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர். அங்கே 1814-இல் அவர் அமைத்த படையின் வழியில், 1822-இலும் 1836-இலும் வந்த சட்டங்கள் அயர்லாந்துக்கு ஒரே மத்தியப் போலீஸை உருவாக்கின. அதன் காவலரின் தோளில் துப்பாக்கி தொங்கியது. அவர் மக்களோடு குடியிருக்கவில்லை, படைவீட்டில் தங்கினார். சொந்த மாவட்டத்தில் அவருக்குப் பணி கிடையாது, உறவுக்காரர்களுக்கு இரங்கிவிடுவார் என்ற பயம். உத்தரவு டப்ளினில் இருந்த அரசு மாளிகையிலிருந்து வரும். ஊர்க்காரர் யாரும் அவரைக் கேள்வி கேட்க முடியாது.

சொந்த மக்களுக்கு ஒரு போலீஸ், ஆளப்படும் மக்களுக்கு வேறொரு போலீஸ். பிரிட்டிஷ் பேரரசு கடல்தாண்டிக் கொண்டுபோனது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். 1843-இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்ல்ஸ் நேப்பியர் ஐரிஷ் மாதிரியில் அங்கே போலீஸ் அமைத்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனிகளுக்குப் போகும் போலீஸ் அதிகாரிகள் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் இருந்த ஐரிஷ் போலீஸ் முகாமில்தான் பயிற்சி பெற்றார்கள்.

இதன் விளைவை இந்தியாவில் தெளிவாகப் பார்க்கலாம். கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணத்தில் வரி வசூலிப்பவர்களே போலீஸ் வேலையையும் பார்த்தார்கள். நிலவரி கட்ட முடியாத குடியானவரை வெயிலில் குனிய வைப்பது, முதுகில் கல் ஏற்றுவது, கிட்டி என்ற மரக்கருவியில் விரல்களை நசுக்குவது எல்லாம் வழக்கமாக இருந்தன. லண்டன் நாடாளுமன்றத்தில் இது எழுந்து, 1854-இல் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. புகார்கள் குவிந்தன, பல நாள் நடந்து வந்து சாட்சி சொன்னவர்கள் உண்டு. 1855-இல் வந்த அறிக்கை சித்திரவதை நடப்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் வெள்ளை அதிகாரிகளைப் பெரிதாகக் குறைசொல்லாமல், பழியைக் கீழ்மட்ட ஊழியர்மேல் போட்டது. வரியையும் போலீஸையும் பிரிக்கச் சொன்னது. 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது.

அதற்குள் 1857 கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. அதன் சூடு ஆறாத நேரத்தில் எழுதப்பட்டதுதான் 1861-ஆம் ஆண்டு இந்தியப் போலீஸ் சட்டம். அதன் 23-ஆம் பிரிவு காவலரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவது, அதிகாரம் உள்ளவர்கள் சட்டப்படி இடும் உத்தரவுகளுக்கு உடனே கீழ்ப்படிந்து நிறைவேற்றுவது. இரண்டாவது, பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைத் திரட்டித் தெரிவிப்பது. குற்றத்தைத் தடுப்பது அதற்கும் பிறகுதான் வருகிறது. லண்டன் கட்டளைப் புத்தகத்தில் முதல் வரியில் இருந்தது இங்கே மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டது.

அந்த அரசுக்குத் தன் போலீஸ்மேல் நம்பிக்கையும் இல்லை. போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்ற விதி 1861-லேயே வந்து, 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவாக நிலைபெற்றது. புதிய சட்டங்கள் வந்த பிறகு இன்றும் அது தொடர்கிறது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது என்றால், அடி எவ்வளவு சாதாரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அமெரிக்கா: அடிமை ரோந்தும் அரசியல்வாதியின் ஆளும்

அமெரிக்கப் போலீஸுக்கு ஒரே மூலம் கிடையாது. தெற்கே, கரோலினாவில் 1704-இலேயே அடிமை ரோந்துப் படைகளுக்குச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளையர்கள் குழுவாகச் சாலைகளில் சுற்றி, கறுப்பின மக்களை நிறுத்தி, வெளியே போக எஜமானரின் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று சோதிப்பார்கள், அடிமைக் குடிசைகளுக்குள் புகுந்து தேடுவார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரோந்துகள் ஒழிந்தன. ஆனால் ஒரு நிறத்தவரை மட்டும் நிறுத்திச் சோதிக்கும் பழக்கம் அவற்றோடு ஒழியவில்லை.

வடக்கே பாஸ்டன் 1838-இலும் நியூயார்க் 1845-இலும் லண்டனைப் பார்த்துப் போலீஸ் அமைத்தன. ஆனால் கட்டுப்பாடு வட்டார அரசியல்வாதிகளின் கையில் இருந்தது. வேலை கொடுப்பவர் அவர், வேலையிலிருந்து தூக்குபவரும் அவரே. இதன் உச்சம் 1857-இல் நியூயார்க்கில் நடந்தது. மேயர் ஃபெர்னாண்டோ உட்டின் கையிலிருந்த நகரப் போலீஸைக் கலைத்துவிட்டு, மாநில அரசு தன் சார்பில் ஒரு புதிய போலீஸை நிறுவியது. மேயர் கலைக்க மறுத்தார். சில வாரங்கள் ஒரே நகரில் இரண்டு போலீஸ்! மேயரைக் கைது செய்யப் புதிய போலீஸ் வந்த அன்று, நகர மண்டப வாசலில் இரு தரப்புக் காவலர்களும் தடிகளால் மண்டை உடைய அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ராணுவப் பிரிவு வந்துதான் அடங்கியது.

வாக்குமூலமா, தடயமா?

1892, அர்ஜென்டினா, நெக்கோச்சியா என்ற சிற்றூர். இரண்டு குழந்தைகள் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். தாய் பிரான்சிஸ்கா ரோஹாஸ், அண்டை வீட்டுக்காரர் ஒருவரைக் கைகாட்டினார். போலீஸ் அவரைப் பிடித்து அடித்தது. எவ்வளவு அடித்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு வந்த அதிகாரி ஒருவர், கதவில் ரத்தக்கறை படிந்த கைரேகை ஒன்று இருப்பதைக் கவனித்தார். அந்த மரத்துண்டை அறுத்தெடுத்து, ஹுவான் வுசெட்டிச் என்பவர் உருவாக்கியிருந்த முறைப்படி ஒப்பிட்டார். ரேகை தாயுடையது. தானே கொன்றதாக அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். கைரேகை துப்புத்துலக்கிய முதல் கொலைவழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

அந்த அண்டை வீட்டுக்காரர் வலி தாங்காமல் ஒப்புக்கொண்டிருந்தால்? வழக்கு முடிந்ததாக எழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தடயவியலின் பெருமை குற்றவாளியைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, குற்றம் செய்யாதவரை அடியிலிருந்தும் அது காப்பாற்றுகிறது.

லட்சக்கணக்கான ரேகைகளுக்குள் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வகைப்பாட்டு முறை வங்காளத்தில் உருவானது. அசீசுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் உழைப்பு அதில் பெரும்பங்கு. ஆனால் முறைக்குப் பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயராயிற்று. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் திறந்தது, 1901-இல் லண்டன் அதே முறையை எடுத்துக்கொண்டது.

ஆய்வுக்கூடம் வந்ததால் அடி நின்றுவிடவில்லை. 1931-இல் அமெரிக்காவில் அரசு அமைத்த விக்கர்ஷாம் கமிஷன், வாக்குமூலத்துக்காகப் போலீஸ் உடலையும் மனதையும் வதைப்பது நாடு முழுக்க நடக்கிறது என்று பதிவு செய்தது. 1966-இல் மிராண்டா வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காவலில் விசாரிக்கும் முன்பே, பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சொல்லியாக வேண்டும் என்றது.

நடந்தவர் காரில் ஏறியபோது

20-ஆம் நூற்றாண்டில் காரும் ரேடியோவும் தொலைபேசியும் போலீஸை வெகுவாக மாற்றின. 1937-இல் லண்டனில் 999 என்ற அவசர எண் வந்தது. கூப்பிட்டால் விரைந்து வருவார்கள். சரி, நல்லதுதான். ஆனால் தினமும் தெருவில் நடந்து முகம் பழகிய காவலர் மெல்ல மறைந்துபோனார். பிரச்சினை நடந்த பிறகு மட்டும் வரும் அந்நியராகிவிட்டார்.

காரில் சுற்றுவது குற்றத்தைத் தடுக்கிறதா என்று 1972, 1973-இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். 15 பீட்களை மூன்று கூறாகப் பிரித்து, ஒரு கூறில் கார் ரோந்தை நிறுத்தினார்கள், ஒன்றில் வழக்கம்போல, மற்றொன்றில் இரண்டு மூன்று மடங்கு. ஓராண்டு முடிவில் குற்ற அளவிலோ மக்களின் பயத்திலோ குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. மக்களில் பலர் மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. குற்றம் அதிகம் நடக்கும் குறிப்பிட்ட முனைகளில் கவனம் செலுத்துவதும், வட்டார மக்களோடு சேர்ந்து வேலை செய்வதும் பிற்பாடு பேசப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு தூண்டுதல். ஜப்பானில் தெருமுனைச் சிறு காவல்சாவடிகள் அந்த நெருக்கத்தை இன்றுவரை கைவிடவில்லை.

போலீஸை மாற்ற முடியுமா?

இந்தியாவில் பிரகாஷ் சிங் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் உயர் அதிகாரி தொடுத்த வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் 7 கட்டளைகள் இட்டது. காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம், குற்றப் புலனாய்வைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிப்பது, போலீஸ்மேல் வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் ஆகியவை அதில் அடங்கும். பல மாநிலங்கள் காகிதத்தில் சட்டம் இயற்றின, முழு மனதோடு நிறைவேற்றியவை மிகக் குறைவு. ஆட்சிக்கு யார் வந்தாலும் போலீஸ் தன் சொல்படி நடக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். 1861 சட்டத்தின் நிழல் இவ்வளவு நீண்டதற்கு எனக்குத் தெரிந்த முதன்மையான காரணம் இதுதான்.

மாற்றம் நடந்த ஓர் இடமும் உண்டு, அதுவும் ஐரிஷ் மாதிரியின் சொந்த மண்ணிலேயே. அயர்லாந்து பிரிந்த பிறகு, 1922-இல், வட அயர்லாந்தில் பழைய போலீஸின் வாரிசாக ஒரு படை அமைந்தது. காவலர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட் பிரிவினர், கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதமே. கத்தோலிக்கக் குடியிருப்புகளில் அதை எதிரிப் படையாகவே பார்த்தார்கள். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று அங்கே நடந்த முப்பதாண்டு வன்முறையில் அந்தப் படையைச் சேர்ந்த 300-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு கிறிஸ் பேட்டன் தலைமையில் அமைந்த ஆணையம் 175 பரிந்துரைகள் தந்தது. 2001 நவம்பரில் படையின் பெயரும் சின்னமும் மாறின. பத்தாண்டுக் காலம் புதிய ஆள்சேர்ப்பில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அரசியல் கட்சியினரும் பொதுமக்களும் சேர்ந்த ஒரு வாரியத்திடம் போலீஸ் தலைவர் கணக்குச் சொல்ல வேண்டும். புகார்களை விசாரிக்கப் போலீஸோடு தொடர்பில்லாத தனி அலுவலகம் வந்தது. 2011-க்குள் கத்தோலிக்கக் காவலர்கள் ஏறக்குறைய 30 சதவீதம் ஆனார்கள். வேலையில் சேரும் ஒவ்வொரு காவலரும் எடுக்கும் உறுதிமொழியில், அடிப்படை மனித உரிமைகளைப் பாதுகாப்பேன், எல்லோருடைய மரபுகளையும் நம்பிக்கைகளையும் சமமாக மதிப்பேன் என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன.